சுவரைப் பார்த்து

தண்ணீர் தலையில் கொட்டியது. சுடிதாரோடு அதனடியில் நின்றாள்.

ஆய்வகத்தில் ஆசிட் குடுவை கைதவறியது இப்போதுதான். மேலே போட்டிருந்த கோட்டைத் தாண்டி, துணியைத் தாண்டி, இடது தொடை வரை ஊறிவிட்டது. கோட்டைக் கழற்றி எறிந்தாள். ஓடிப்போய் மூலையிலிருந்த அவசர ஷவரின் சங்கிலியை இழுத்தாள். அதுவரை எல்லாம் பயிற்சியில் சொன்னபடிதான்.

மீதியில்தான் சிக்கல்.

பாதுகாப்புத் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கியவள் அவள். ஆசிட் பட்டால் என்ன செய்வாய்? பட்ட உடையைக் கழற்ற வேண்டும், கால் மணி நேரம் தண்ணீரில் நிற்க வேண்டும். எழுதிவிட்டாள். எழுதுவதற்கென்ன, பேனாவுக்கு வெட்கமா மானமா?

எதிரே நான்கு ஆண்கள். இன்று ஆய்வகத்தில் வேறு பெண் இல்லை.

நனைந்த துணி தொடையோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டிய இடம் எரிந்தது. துணி அங்கே இருக்கிறவரை ஆசிட்டும் அங்கேதான் இருக்கும். தோல் போய்விடும். தெரியும். தெரிந்தும் கை நாடாவுக்குப் போக மாட்டேன் என்கிறது.

பாழாய்ப்போன வெட்கம்!

பயிற்சியில் உடையைக் கழற்றச் சொல்லும் அந்த வரியைப் படித்தபோது முதலில் சிரித்தவன் ரூபன். அவன் சிரிக்க, பின்வரிசை முழுக்கச் சிரித்தது. பேராசிரியரும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

அவளும்தான்.

அதே ரூபன் இப்போது எதிரே நிற்கிறான். வாயைத் திறந்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எல்லாரும் சுவத்தப் பாத்துத் திரும்புங்க. தணிகை அண்ணா, நீங்களுந்தான்!"

கண்ணைத் திறந்தாள்.

நான்கு முதுகுகள்.

ரூபன் தன் கோட்டைக் கழற்றி, திரும்பாமலே பின்பக்கமாக நீட்டிக்கொண்டு நின்றான். 

நாடாவை இழுத்தாள். நனைந்த முடிச்சு, லேசில் விடுமா? பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அவிழ்ந்தது. மற்றதும் கழன்றது.

கால் மணி நேரம் இவ்வளவு நீளம் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

ஆய்வக உதவியாளர் தணிகையின் சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்து அடித்து ஓய்ந்தது. எடுப்பதற்குக்கூட அவர் அசையவில்லை. எரிச்சல் மெல்ல மெல்லத் தணிந்தது. குனிந்து பார்த்தாள். உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது.

தோல் இருந்தது.

அப்போதுதான் அழுகை வந்தது. நல்லவேளை, தண்ணீரில் தெரியாது. கையை நீட்டிக் கோட்டை வாங்கிக்கொண்டாள்.

அடுத்த பயிற்சிக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களும் வந்திருந்தார்கள். பேராசிரியர் அந்த வரிக்கு வந்தார். தொண்டையைக் கனைத்தார். பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

ரூபன் எழுந்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

தணிகை எழுந்தார்.

சிரிப்பு நின்றது. பின்வரிசையில் நாற்காலிகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

அவள் தரையைப் பார்க்கவில்லை.