கயல் தட்டாத வரிகள்

கோம்பையிலிருந்து மகளைப் பார்க்க வந்த ஜக்கம்மா, கல்லூரிக் கணினி அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, திராட்சைப் பையை மார்போடு அணைத்தபடி கயலின் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள். லினக்ஸ் கணினியில் ‘மேக்’ என்ற மென்பொருள் கருவியை அதன் மூல நிரலிலிருந்தே கட்டியெடுக்க ஒரே ஒரு கட்டளைதான் தந்திருக்கிறாள் கயல். மிச்சத்தைக் கணினியே பார்த்துக்கொள்கிறது. கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் சரசரவென மேலேறுகின்றன. அந்த வெளிச்சம் தாயின் மூக்குத்தியில் விட்டுவிட்டு மின்னுகிறது. “ஆத்தாடி! இம்புட்டையும் நீயா எழுதுற? ஊருல சொன்னா நம்ப மாட்டாகளே!” “ஆமாம்மா” என்று வாய் சொல்லிவிடுகிறது. பக்கத்து மேசைத் தோழி சிரிப்பை அடக்கக் குனிகிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்ற, கயலின் விரல்கள் விசைகளைத் தொட்டும் தொடாமலும் ஓடத் தொடங்குகின்றன. குளிர்ந்த அறையில் காது மடல் சுடுகிறது. “நீ சோலியப் பாரு தாயி, நா பேசல” என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொள்கிறாள் ஜக்கம்மா. சட்டென்று வரிகள் நின்று, அடியில் ஒரு வெள்ளைக் கட்டம் மட்டும் கண்சிமிட்டுகிறது. தலை குனிந்திருக்கும் கயல் அதைக் கவனிக்கவில்லை. அவள் விரல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஜக்கம்மா திரையைப் பார்க்கிறாள். விரல்களைப் பார்க்கிறாள். பையைச் சத்தமில்லாமல் மேசையில் வைத்துவிட்டு, மகளின் கைமேல் கை வைக்கிறாள். “போதும் தாயி. கை வலிக்கப்போகுது.”