தூக்கத்தில் படித்தவள்

அம்சவேணிக்குப் பகலெல்லாம் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. அவள் தூங்கியதும், அவளுக்குள் பொருத்தியிருந்த இன்னொருத்தி அதே உடம்போடு எழுந்து உட்கார்ந்து சட்டம் படிப்பாள். ஒருவழியாகப் பட்டமும் கிடைத்துவிட்டது. இனி எதற்கு இரவல் ஆள் என்று, ஷிப்ட் முடிந்த கையோடு, அவளைப் பொருத்திய கிளினிக்குக்குப் போனாள்.

“அவளை எடுத்துருங்க கண்ணு.”

“முடியாதுங்கக்கா. நேத்து ராத்திரி நைட் கோர்ட்டுல தடை வாங்கிட்டாங்க,” என்றாள் வரவேற்பில் இருந்த பெண்.

“யாரு?”

“அவங்களேதானுங்க. என்னமா வாதாடுனாங்க தெரியுங்களா! உடம்பு இனி அவங்களுக்குத்தானாமுங்க.”

“என்ற உடம்புல படிச்சுப்போட்டு என்ற மேலயே கேஸா? அப்ப நானு?”

“உங்களுக்காகவும் பேசி அவகாசம் வாங்கியிருக்காங்கக்கா. அடுத்து நீங்க தூங்கற வரைக்கும் இருந்துக்கலாமுங்க.”

நின்றபடியே அம்சவேணிக்குக் கொட்டாவி வந்தது.