கடலுக்கு முதுகைக் காட்டினவர்

பஸ் கிளம்பற நேரத்துல வள்ளிக்கண்ணு ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டா. காலில் மாவுக்கட்டு, கக்கத்தில் கட்டை.

"ரெங்கம்மாக்கா, எனக்குத்தான் குடுத்து வைக்கலை. இவராவது எல்லாத்தையும் கண்ணாரப் பாத்துட்டு வந்து சொல்லணும். நீங்கதான் அவரைப் பாக்க வைக்கணும்."

அவ வீட்டுக்காரர் வீரமலைதான் எங்க யாத்திரை பஸ்ஸுக்குச் சமையல். எங்க ஸ்ரீரங்கத்துத் தெருக்காரங்க வெளியூர்ல கை நனைக்க மாட்டோம். அடுப்பு, அண்டா, ஆளு எல்லாம் கூடவே வந்தாகணும். புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேருமா வந்து சமைக்கிறதாத்தான் பேச்சு. கிளம்பறதுக்கு முந்தின வாரம் அவ படித்துறையில வழுக்கிக் காலை ஒடிச்சுக்கிட்டா.

கன்னியாகுமரி நம்ம ராஜ்யத்தோட சேந்த மறு வருஷம் அது. ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல், நடுவுல பச்சைப் பசேல்னு இருக்கிற சீமைன்னு ஊரே பேசுது. கொள்ளிடத்தையே தாண்டாத பொண்ணு, ஏங்காம என்ன பண்ணும்?

"கவலைப்படாதே, நானாச்சு"ன்னு வாக்குக் குடுத்துட்டு ஏறினேன்.

ஆரல்வாய்மொழி தாண்டினதும் மலை மேல மேகம் இறங்குது. கீழே வயலு, தாமரைக் குளம், தென்னந்தோப்பு. பஸ்ஸே எந்திரிச்சு நின்னு பாத்துது. வீரமலை துண்டை எடுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டாரு.

"தம்பி, மலையைப் பாருங்க."

"கண்ணு கூசுதுக்கா."

எங்க வீட்டுக்காரர் என் தோள்ல சாஞ்சு குறட்டை விட்டுக்கிட்டிருந்தாரு. அது எனக்குப் பழகினதுதான்.

திற்பரப்பு அருவியில நாங்க கும்மாளம் போட்டோம். வீரமலை பஸ்ஸுக்குள்ள வாழைக்காய் சீவிக்கிட்டிருந்தாரு.

"இங்கயாவது இறங்குங்க தம்பி."

"வேலை கிடக்குக்கா."

கன்னியாகுமரியில சத்திரத்துக்குப் பின்னால, சுவத்தைப் பாத்து அடுப்பு மூட்டினாரு. எங்க வீட்டுக்காரர் சத்திரத்துக்குள்ள சீட்டுக்கட்டோட உக்காந்தாச்சு. நாங்க பொம்பளைங்க எல்லாம் புடவையைத் தூக்கிச் செருகிக்கிட்டு அலையில ஆடினோம். சூரியன் இறங்கற நேரம், தண்ணி பூராவும் செவப்பு. எனக்குச் சந்தோஷத்துல அழுகையே வந்துடுச்சு.

"இலை போட்டாச்சு, வாங்க"ன்னு குரல் கேட்டுது.

பாத்தா, வீரமலை பின்பக்கமாவே நடந்து வராரு. சத்திரத்தைப் பாத்து முகம், கடலுக்கு முதுகு. கால் இடறி மணல்ல பொத்துன்னு உக்காந்தாரு. அப்பவும் திரும்பலை. எல்லாரும் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துது.

"அங்க ஒருத்தி காலை நீட்டிக்கிட்டு, நீங்க வந்து சொல்லுவீங்கன்னு காத்துக் கிடக்கா. ஒரு தடவை திரும்பினா குறைஞ்சா போயிடுவீங்க? இவ்வளவு வீம்பு ஆகாது தம்பி."

"ரசம் ஆறிடும்க்கா."

ஊர் திரும்பினோம். தெருமுனையிலேயே வள்ளிக்கண்ணு கட்டையை ஊனிக்கிட்டு நின்னா.

"கடல் எப்படிங்க இருந்துச்சு?"

அவரு அண்டாவோட இறங்கினாரு. நான் முந்திக்கிட்டேன். "அவரை ஏன் கேக்கறே? மலையைப் பாக்கலை, அருவியைப் பாக்கலை, கடலுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு வந்தாரு உன் வீட்டுக்காரரு. நானும் சொல்லாத பேச்சில்லை."

வள்ளிக்கண்ணு அவரையே பாத்தா. அவரு அண்டாவைக் கீழே வச்சுட்டுத் தலையைச் சொறிஞ்சாரு.

"கல்யாணமான புதுசுல நீதானே சொன்னே, கடலு, மலை, அருவி எல்லாத்தையும் ரெண்டு பேரும் சேந்துதான் மொதமொதல்ல பாக்கணும்னு? நான் மட்டும் முந்திக்கிட்டுப் பாத்தா நல்லாவா இருக்கும்?"

"போங்க, உங்களுக்குக் கிறுக்குத்தான்"னு அவ முந்தானையால முகத்தை மூடிக்கிட்டா. சிரிக்கிறாளா அழறாளான்னு தெரியலை.

கன்னியாகுமரியில அவளுக்குன்னு வாங்கின கடல் படத்தை நீட்டினேன். பாக்காமலே அதைக் கவுத்து என் கையிலயே திணிச்சா.

"இப்ப வேணாம்க்கா. என் கால் சரியாகட்டும்."

என் கோவமெல்லாம் போன இடம் தெரியலை. மனசு நிறைஞ்சு, அந்தப் படத்தோட எங்க வீட்டுக்காரர்கிட்டப் போனேன். பஸ்ஸுல தூங்கிக்கிட்டிருந்தவர் கண்ணைக் கசக்கிக்கிட்டுப் படத்தைப் பாத்தாரு.

"நல்லாயிருக்கே ரெங்கம், இது எந்த ஊரு?"