ஆர்கான்

மின்விசிறியின் பொத்தான்மேல் அவள் விரல் இருந்தது. இன்னும் அழுத்தவில்லை.

ஆர்கான் வெல்டிங் பட்டறையில் விசிறி போடக் கூடாது. வெந்து செத்தாலும் கூடாது. பற்றவைக்கும் இடத்தைச் சுற்றி ஆர்கான் வாயு நின்றுகொண்டு வெளிக்காற்றை அண்டவிடாமல் காக்கிறது. ஊதினால் கலைந்துவிடும்.

பத்தடி தள்ளி, கோகிலவாணி தகட்டின்மேல் குனிந்திருந்தாள்.

கோகிலவாணி வேலைக்கு வந்து ஆறு வாரம். விசிறியருகே நின்றவள் வந்து ஒன்பது வருடம்.

பால்பண்ணைக்குச் செய்யும் எவர்சில்வர் தொட்டி வேலை இருவரில் ஒருத்திக்குத்தான். சோதனைத் தகட்டில் யாருடைய பற்றவைப்பு சுத்தமோ, அவளுக்கு.

தன் தகட்டை அவள் முடித்து மேசையில் போட்டிருந்தாள். நன்றாகத்தான் வந்திருந்தது.

கோகிலவாணியுடையது பாதியிலேயே பொன்னாக மின்னியது.



கோகிலவாணி யாரோடும் மல்லுக்கு நின்றதே இல்லை. யாரைப் பற்றியும் கோள் சொன்னதில்லை. பாராட்டினால் பல்லிளிப்பதும் இல்லை. வேலை, சோறு, மறுபடி வேலை. விசிறியருகே நின்றவளால் தாங்க முடியாதது அதுதான்.

ஐ.டி.ஐ.யில் படித்தது நினைவுக்கு வந்தது. ஆர்கான் எதனோடும் சேராது. அதன் வெளிவட்டத்தில் எட்டு எலக்ட்ரானும் நிறைந்திருக்கின்றன. யாரிடமும் வாங்க வேண்டியதில்லை, யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. ஆக்சிஜனுக்கு இரண்டு குறைகிறது. அதனால்தான் அது கண்டதன்மேலெல்லாம் பாய்கிறது.

அழுத்தினாள்.

கோகிலவாணியின் பற்றவைப்பு கறுத்தது. குமிழ் குமிழாகப் பொரிந்தது.

மேஸ்திரி மாரப்பன் ஓடிவந்தார்.

"எந்தக் கிறுக்கு ஃபேனைப் போட்டது?"

கோகிலவாணி முகமூடியைத் தூக்கினாள். சுற்றும் விசிறியைப் பார்த்தாள். பொத்தானருகே நின்றவளைப் பார்த்தாள்.

"நாந்தானுங்க. புழுக்கம் தாங்கல," என்றாள் கோகிலவாணி.

மேஸ்திரி வாயில் வந்தபடி திட்டினார். விசிறியை நிறுத்தினார். தொட்டியை மற்றவளே செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒன்பது வருடத்தில் இவ்வளவு பெரிய வேலை அவள் கைக்கு வந்ததில்லை.

தொட்டியருகே உட்கார்ந்தாள். முகமூடியை இறக்கினாள். 

வாசல் பக்கமிருந்து காற்று வந்தது. எழுந்துபோய்க் கதவைச் சாத்த வேண்டும். வழியில் கோகிலவாணி இருந்தாள். அவளைக் கடந்து போகக் கால் வரவில்லை.

கோகிலவாணி எழுந்தாள். கதவை இழுத்துச் சாத்தினாள். திரும்பி வந்து, கறுத்த தகட்டைத் தேய்க்க உட்கார்ந்தாள்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், பாவி.