வீண் செலவு

“இது போலி மாத்திரைதாம்மா!” லீவில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டுக்கு வந்திருந்த மதுரன், அம்மாவின் வீங்கிய கால்களைப் பார்த்துக் கத்தினான். டாக்டரய்யா எழுதிக் கொடுத்த நீர் மாத்திரையை இன்டர்நெட்டில் தேடி வரவழைத்தவன் அவன்தான். “வித்தவன சும்மா விடமாட்டேன்.”

“மாத்திரைய ஏம்பா திட்டுற? நான் ஞாயித்துக்கெழம மட்டுந்தான் போடுறேன்” என்றாள் ராக்காயி.

“தெனமும் காலையில போடச் சொன்னாருல்ல?”

“போட்டா சும்மா சும்மா ஒதுங்கணும். கொழுந்து மலையில எங்கப்பா ஒதுங்குறது? லயத்துக்கு வந்துட்டுப் போனா, கங்காணி அரை நாள் சம்பளத்துக்குத்தான் பேரு போடுறாரு.”

“அப்ப ராத்திரியில போடுங்களேன்.”

“இருட்டுல எந்திரிச்சுப் போயி விழுந்துட்டா?”

“மலையிலயே ஒரு கக்கூஸ் கட்டித் தரச் சொல்லிக் கேக்க வேண்டியதுதானே?”

“கேட்டோமே! தோட்டத்துத் தொரையும் சரின்னுட்டாரு. கொழும்பு ஆபீஸ்ல யாரோ வீண் செலவுன்னு நிப்பாட்டிட்டாங்களாம்.”

மதுரன் தலையைக் குனிந்துகொண்டான். தோட்டங்களின் வீண் செலவுகளைக் கண்டுபிடித்து நிறுத்தியதற்காகத்தான் போன மாதம் அந்த ஆபீஸில் அவனுக்குப் பதவி உயர்வு கிடைத்திருந்தது. முதலில் நிறுத்தியதே மலைக் கக்கூஸ்களைத்தான்.

வீங்கிய காலைச் செருப்புக்குள் திணித்துக்கொண்டு ராக்காயி கூடையை எடுத்தாள்.

“நீயும் அங்கதானே இருக்க? அது யாருன்னு விசாரிச்சு, அவங்க அம்மாவ ஒரு நாளைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பச் சொல்லுப்பா.”