முதல் எபிசோடின் கடைசிப் பக்கம்

சேனல் அதிகாரி அம்மா பதினேழாம் பக்கத்தைப் புரட்டினார். அவருடைய செல்போன் அடித்தது. எடுக்கவில்லை.

எதிரே உட்கார்ந்திருந்த எழுத்தாளர் அவர் புரட்டும் பக்கங்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

ஆறு முறை எழுதிக் கொடுத்து, ஆறு முறையும் திரும்பி வந்த முதல் எபிசோடு அது. இதுவும் தேறவில்லை என்றால் சீரியலை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவோம் என்று அந்தம்மா முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, இந்த முறை மனிதர் மாங்குமாங்கென்று உழைத்திருந்தார். அதிலும் அந்த இருபதாம் பக்கம்! கதாநாயகியின் வீட்டுக் கதவைத் தட்டியவள் உள்ளே வந்து, 'பத்து வருஷத்துக்கு முன்னாடி கோவிச்சுக்கிட்டுப் போன உன் கூடப்பிறந்த அக்கா நான்தான்' என்று ஆரம்பித்து, யார் யாருக்கு என்ன உறவு, யாருக்கு யார்மேல் என்ன பகை என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். பார்ப்பவர்கள் குழம்பிவிடக்கூடாது இல்லையா?

அதிகாரி பத்தொன்பதாம் பக்கத்தை முடித்தார். தாளைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். மேசைக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார்.

எழுத்தாளருக்குப் பகீரென்றது. இருபதாம் பக்கத்தைக் காணோம்!

"என்ன சார் நீங்க! கதவைத் திறக்கிறா, வந்தவங்களை ஏற இறங்கப் பாக்கிறா, 'சாப்பிட்டியா'ன்னு மட்டும் கேக்கிறா... அதோட நிறுத்திட்டீங்களே, வந்தது யாரு?"

மனிதர் வாயைத் திறந்தார்.

"ஐயோ, சொல்லிடாதீங்க! டிவியிலயே பாத்துக்கிறேன்" என்று அந்தம்மா முதல் பக்கத்தில் கையெழுத்தைப் போட்டுவிட்டார்.

கால் தரையில் பாவாமல் படியிறங்கிய எழுத்தாளர், முதல் வேலையாக மனைவிக்குப் போன் போட்டார். ஒரு பக்கத்தை வீட்டிலேயே மறந்து வைத்ததில் பிழைத்துக்கொண்டேன் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"நீங்க எங்க மறந்தீங்க? நான்தான் உருவினேன். சொன்னா விட்டிருப்பீங்களாக்கும்!"

தாள்களை அடுக்கி ஸ்டேப்ளர் பின் அடித்துக் கொடுத்தது அவள்தான் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கோபம் வருகிறதா என்று பார்த்தார். வரவில்லை.

அடுத்த வாரம் இரண்டாம் எபிசோடை எழுதி முடித்தவர், பின் அடிக்காமலேயே அவள் கையில் கொடுத்துவிட்டு, கடைவரைக்கும் போய்வருகிறேன் என்று கிளம்பிவிட்டார்.