கழுவுவதற்கு இருபது லிட்டர்

மெக்கானிக்காக இருபத்தாறு வருடம் சேர்த்த என் நல்ல பெயர், அன்று காலை பதினொரு மணிக்கு ஐந்து லிட்டர் டீசல் விலைக்கு வந்து நின்றது.

அதையும் வாய்விட்டுக் கேட்க முடியாத இடத்தில் மாட்டியிருந்தேன்.

கிழட்டு அறுவடை இயந்திரத்தின் முதுகில், இன்ஜினுக்கும் தானியத் தொட்டிக்கும் நடுவே, ஒரு ஆள் குந்தும் சந்து. இறங்க ஒரே ஏணி. ஏணியடியில் நாற்காலி போட்டு, இயந்திரத்தின் சொந்தக்காரரான வண்டிக்காரரின் மாமனார். மொத்த வியாபாரி, காலிச் சாக்கைக்கூட எண்ணித் திருப்பி வாங்குகிறவர்.

சுற்றிலும் லாரி டிரைவர், மூட்டை தூக்க வந்தவர்கள், போதாததற்கு எனக்குப் போட்டியாகக் கடை போட்டிருக்கும் வெல்டிங்காரன்.

வந்ததும் செல்ஃப் அடித்தேன். நன்றாகச் சுற்றியது, பிடிக்கவில்லை. டீசல் இருக்கிறதா என்று முதலில் கேட்கவும் செய்தேன்.

“நேத்துதான் டேங்க் நிறைய ஊத்தினேண்ணே,” என்றார் வண்டிக்காரர். சொன்னது என்னிடம், பார்த்தது மாமனாரை.

டீசல் முள் செத்துப் பல காலம். நம்பினேன். கண்ணை மூடி, காதைச் சாய்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி தீர்ப்பு சொன்னேன்: “பம்ப்புதான். கழட்டணும்.”

என் வாய்க்கு ஒரு பூட்டு இருந்திருக்கலாம்.

இரண்டு மணி நேரம் கழற்றினேன். பம்ப்பில் ஒரு கோளாறும் இல்லை. கடைசியில் டேங்கிலிருந்து வரும் குழாயை உருவினேன். ஒரு சொட்டு விழவில்லை. விரல் முட்டியால் டேங்கைத் தட்டினேன்.

காலிக் குடம்போல் ணங் என்றது.

முதலிலேயே மூடியைத் திறந்து பார்த்திருந்தால் அரை நிமிடம்தான் ஆகியிருக்கும். இப்போது உண்மையைச் சொன்னால், பொழுது சாய்வதற்குள் வெல்டிங்காரன் அதை டீக்கடை டீக்கடையாக விற்றுவிடுவான். சொல்லாவிட்டால் கதிர் அப்படியே நிற்கும். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது.

“என்ன டாக்டரே, பேஷன்ட் பொழைக்குமா?” என்று கீழேயிருந்து அவன் குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள்.

“பார்ட்ஸெல்லாம் கழுவணும். அஞ்சு லிட்டர் டீசல் வேணும்,” என்றேன், யாரையும் பார்க்காமல்.

வண்டிக்காரர் எதற்கென்று கேட்கவில்லை. லாரி டிரைவரின் காதில் ஏதோ சொன்னார். டிரைவர் எடுத்து நீட்டிய டீசல் கேனை வேறு யாரிடமும் கொடுக்காமல் தானே தோளில் வைத்து ஏணி ஏறினார்.

இருபது லிட்டர் கேன். கழுத்துவரை இருந்தது.

“கழுவ எதுக்குத் தம்பி இவ்வளவு?”

“நல்லாக் கழுவுங்கண்ணே.”

கீழே இருப்பவர்களுக்கு டேங்கின் வாய் தெரியாதபடி முதுகைக் காட்டிக் குந்தினார். பிறகு சட்டையைத் தூக்கி, இடுப்பில் செருகியிருந்த புனலை எடுத்து என்னிடம் நீட்டினார்.

சத்தம் வராமல் ஊற்றினோம்.

பம்ப்பை மாட்டி, குழாயில் புகுந்திருந்த காற்றை எடுத்து, செல்ஃப் அடித்தேன். கரும்புகை கக்கிக்கொண்டு இன்ஜின் பிடித்தது. மூட்டைக்காரர்கள் விசிலடித்தார்கள். வெல்டிங்காரன் தன் சைக்கிளைத் தேடினான்.

“பம்ப்புதானா?” என்றார் மாமனார்.

“பம்ப்புதான் மாமா!” என்னை முந்திக்கொண்டார் மாப்பிள்ளை.

மாமனார் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். கேனைக் கீழே இறக்கச் சொன்னார். தலைகீழாகக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. குனிந்து இயந்திரத்தின் அடியில் பார்த்தார். மண் காய்ந்து கிடந்தது.

எங்கள் இருவரையும் ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, வாய்க்குள் சொல்லிக்கொண்டே எழுதினார்:

“டேங்க் நிறைக்க நேத்து மாப்பிள்ளை கையில குடுத்தது, எட்டாயிரம். பம்ப் கூலி, ரெண்டாயிரம். கழுவ வாங்கின டீசல், இருபது லிட்டர். கழுவி மிஞ்சின அழுக்கு டீசல், இருபது லிட்டர்: வரவு இல்லை. ரெண்டு பேர் பேர்லயும் பற்று.”